மூன்று ஸ்பூன்

அன்னாசி ஐம்பது கிராம் என்று எழுதி வைத்திருந்தேன், தராசு ஐம்பத்து மூன்று காட்டியது, ஒரு துண்டை எடுத்தால் நாற்பத்தாறு, திரும்பப் போட்டால் மறுபடி ஐம்பத்து மூன்று, அந்தத் துண்டைப் பாதியாக வெட்டலாம் என்று கத்தியை வைத்தேன், உறைந்திருந்த துண்டு வழுக்கிப்போய் சிங்க்குக்குள் விழுந்தது. சரி, நாற்பத்தாறே போதும், குறைந்தால் யாரும் சாவதில்லை. அப்படி நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லைதான், ஆனாலும் ஏழு மாதமாக அந்தச் சொல்லை மனதுக்குள்கூடத் தொடாமல் சுற்றிப்போய்க்கொண்டிருக்கிறேன், இன்றைக்குப் பார்த்து, அதுவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, அப்பா முன்னறையில் ஃபேனுக்கு நேர் கீழே கட்டிலில் படுத்திருக்கும்போது. திங்கள், புதன், வெள்ளி அவருக்கு டயாலிசிஸ். இரண்டு கிட்னியும் செய்ய வேண்டிய வேலையை ஒரு மெஷின் நான்கு மணி நேரம் செய்து அனுப்பும். வெள்ளிக்கிழமை சுத்தமான ரத்தம் திங்கட்கிழமை காலைவரை தாங்க வேண்டும். நடுவில் இரண்டு நாள், குடித்ததும் தின்றதும் உள்ளேயே நிற்கும். அதனால்தான் மெஷின் பார்க்கும் ஜெரோம் அண்ணன் ஆரம்பத்திலேயே சொன்னார், "மத்த நாள்கூடப் பரவால்ல பாப்பா, ஞாயித்துக்கிழமை மட்டும் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பாத்துக்கோ." பழத்தில் இருக்கிற பொட்டாசியம் என்கிற உப்பு ஏறினால் நெஞ்சு நின்றுவிடும், வலி வரும் என்றுகூடச் சொல்ல முடியாது, அது பாட்டுக்கு நின்றுவிடும். பொட்டாசியத்தைப் பத்தாம் வகுப்பில் படித்திருக்கிறேன். தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும் என்று டீச்சர் சொன்னார். ஐந்து மதிப்பெண் கேள்வி. ஐந்துக்கு ஐந்து வாங்கினேன்.

ஆப்பிள் நாற்பது கிராம், சரியாக நாற்பது. பச்சைத் திராட்சை நான்கு. நேற்றே நறுக்கி எவர்சில்வர் தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்தேன். ஒட்டினால் மிக்ஸி சுற்றாது என்று ஃபோனில் பார்த்த வீடியோவில் சொன்னார்கள். இதற்குப் பெயர் ஃப்ரோசன் ஃப்ரூட் காக்டெய்ல். டயாலிசிஸ் அறையில் சுவரில் ஒரு டிவி இருக்கிறது, சத்தம் வைக்க மாட்டார்கள், நாள் முழுக்கச் சமையல் ஓடும். உப்பு போடாமல் தின்கிறவர்கள், ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாதவர்கள், எட்டுப் பேர் எட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு பிரியாணி தம் போடுவதைப் பார்ப்பார்கள். போன வெள்ளிக்கிழமை வெளியே வந்ததும் ஆட்டோவில் அப்பா சொன்னார், "கண்ணு, ஒரு பொம்பள பழத்தையும் ஐஸையும் போட்டு மணலு மாதிரி அரைச்சு கண்ணாடி டம்ளர்ல ஊத்துச்சு. பாத்ததுக்கே தொண்ட நனைஞ்ச மாதிரி இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னார். வேண்டும் என்று சொல்லவில்லை. ஏழு மாதத்தில் வாயில் போடும் பொருளைப் பற்றி அவராக எடுத்த முதல் பேச்சு அது. நான் ஃபோனில் தேடிப் பெயரைச் சொன்னேன். அம்மா திடுக்கிட்டுப்போய், "காக்டெய்லா? குடிகாரனுக ஊத்திக்கறதுக்குப் பேருல்ல அது" என்றாள். "அவனுக குடிச்சும் கிட்னி நல்லாத்தான இருக்குது, எனக்கும் ஒரு டம்ளர் ஊத்து" என்றார் அப்பா. ஆட்டோக்காரர்கூடச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நான் சிரித்தேனா என்று நினைவில்லை. ஆப்பிளில் நூறு கிராமுக்கு எவ்வளவு, அன்னாசியில் எவ்வளவு என்று அப்போதே தேட ஆரம்பித்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுப் பட்டியல் இங்கிலீஷில் இருந்தது, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துப் பாதி எழுத்து தேய்ந்த தாள். அதை நீட்டின, அங்கே டயட் சொல்கிற அம்மாள் அப்பாவையும் அம்மாவையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சிருக்கீங்கல்ல, பாத்துக்குங்க." படித்திருக்கிறேன். பி.காம். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரிக்குள் போன முதல் ஆள். திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டாக்குமெண்ட் செக்ஷனில் இருக்கிறேன், பெட்டிக்குள் எத்தனை உருப்படி, என்ன எடை என்று தாளில் ஏற்றுகிற வேலை. டெபிட் எது கிரெடிட் எது என்று கேட்டால் சொல்வேன். ரத்தத்தைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் தாளை வாங்கிக்கொண்டேன், தெரியாது என்று சொல்லவில்லை. அதில் அன்னாசி அரைக் கப் என்று போட்டிருந்தது. கப் என்றால் எந்தக் கப். முதல் மாதம் முழுக்க டீ டம்ளர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பிறகு கேட்டபோது அந்த அம்மாள், "ஒரு தோராயம்தாங்க" என்றார். தோராயம். கம்பெனியில் நாற்பத்தெட்டுப் பெட்டி என்பதை எண்பத்து நான்கு என்று ஒருமுறை அடித்துவிட்டேன், தூத்துக்குடியில் கன்டெய்னர் இரண்டு நாள் நின்றது, மேனேஜர் அந்தத் தாளை என் மேஜையில் வைத்து, "இதுக்குத்தான் படிச்சியாம்மா" என்றார். கன்டெய்னராவது நின்று, பிறகு கிளம்பியது. அன்றிலிருந்து எதையும் மூன்று தடவை பார்ப்பேன். பட்டியலைத் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். கூடாதவை இருபத்தொன்று. வாழைப்பழம், ஆரஞ்சு, மாம்பழம், சப்போட்டா, இளநீர், இப்படியே போகும். இளநீருக்கு மட்டும் சிவப்பில் கோடு போட்டேன். ஏனென்றால் ஆனைமலையிலிருந்து அத்தை வியாழக்கிழமை ஒரு குலை இளநீரோடு வந்து இறங்கினாள், சூட்டு உடம்புக்கு இதைவிட என்ன மருந்து என்று. ஒறம்பரையாக வீடு தேடி வந்தவளிடம் கூடாது என்று எப்படிச் சொல்வது. சொன்னேன். அத்தை முகம் சுருங்கிப்போய், "எங்கண்ணனுக்கு நான் வெசமா கொண்டாந்தேன்" என்று கேட்டாள். அவள் போனதும் அம்மா காம்பவுண்டில் இருக்கிற ஐந்து வீட்டுக்கும் கொடுத்தாள். கொடுப்பதை நான் வாசலில் நின்று பார்த்தேன், ஒவ்வொன்றாக எண்ணியபடி.

ஐஸ் ஆறு கட்டி. ஒரு கட்டி பதினைந்து மில்லி, ஆறு பதினைந்து தொண்ணூறு, இந்தத் தொண்ணூறை அவருடைய இன்றைய தண்ணீர்க் கணக்கில் கழிக்க வேண்டும், சாயங்காலக் காப்பி கிடையாது. ஃப்ரீசரில் இரண்டு ட்ரே ஒன்றின்மேல் ஒன்று உறைபனியில் ஒட்டிக்கொண்டிருந்தன, மேலே இருந்ததை இழுத்தேன். பழத்தையும் ஐஸையும் ஜாரில் போட்டு எலுமிச்சை நாலு சொட்டு, சர்க்கரை இரண்டு ஸ்பூன், மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன். சமையல்கட்டே கல் குவாரி மாதிரி அதிர்ந்தது. விட்டு விட்டு அடிக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள், ஒன்று இரண்டு மூன்று விடு, ஒன்று இரண்டு மூன்று விடு, பிளேடில் ஒரு ஆப்பிள் துண்டு சிக்கிக்கொண்டு மிக்ஸி உறுமியது, பயந்துபோய் அணைத்தேன், ஸ்பூன் காம்பால் கிளறிவிட்டு மறுபடி. மூடியைத் திறந்தபோது அன்னாசியின் வாசனை குளிர்ச்சியாக மேலே வந்தது. இளமஞ்சளில் திராட்சைத் தோல் பச்சைப் பச்சையாக மின்னியது, கடல் மணலை நனைத்து அள்ளி வைத்தது மாதிரி, நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, கல்லூரி டூரில். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன், சர்க்கரை போதுமா என்று மட்டும் பார்த்தேன், போதும். சின்ன டம்ளரில் வழித்துப் போட்டுத் தராசில் வைத்தேன், டம்ளர் போக நூற்றுத் தொண்ணூறு கிராம். அப்பா சாப்பிடுவதை எல்லாம் குறித்து வைக்கிற நோட்டில் அதையும் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் ஓரம் உருக ஆரம்பித்துவிட்டது. கையில் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக முன்னறைக்குப் போனேன், எட்டு அடி தூரம்தான்.

அப்பா எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். ஊசி குத்துகிற இடது கை முழங்கைக்குக் கீழே கயிறு முறுக்கி வைத்தது மாதிரி புடைத்திருக்கிறது, அதை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் ஸ்பூனைப் பிடித்தார். முதல் ஸ்பூனை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். தொண்டை உடனே ஏறி இறங்கவில்லை, உள்ளேயே வைத்திருந்தார், கரையவிட்டு. உதடு வெடித்திருந்த இடத்தில் ஈரம் பட்டு மினுங்கியது. இப்படி ஒரு முகத்தை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று, நோட்டில் எழுதுகிற எந்தக் கட்டத்திலும் இது அடங்காது. கண்ணைத் திறந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு டம்ளரைப் பார்த்தார். இரண்டாவது ஸ்பூன். அதை நாக்கில் உருட்டிப் பார்த்தார். மூன்றாவது, குவித்து அள்ளி. அப்புறம் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "போதும் கண்ணு" என்றார். "நல்லால்லீங்களாப்பா?" "நல்லாத்தான் இருக்குது. போதும்." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார். நான் டம்ளரோடு நின்றேன். சர்க்கரை குறைச்சலோ. எலுமிச்சை கசந்துவிட்டதோ, விதை அரைபட்டால் கசக்கும், விதையை எடுத்தேனா, எடுத்தேன், இரண்டு எடுத்தேன், மூன்று இருந்ததோ. டிவியில் பார்த்த பெண்ணின் டம்ளர் கண்ணாடி, மேலே ஒரு செர்ரிப்பழம், எங்கள் டம்ளர் எவர்சில்வர், அதுவும் பக்கத்தில் நசுங்கினது. ஒரு மனிதன் ஏழு மாதத்தில் ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேசுகிறான், அதையும் நாற்பத்தாறா ஐம்பத்து மூன்றா என்று பார்த்துப் பார்த்து மருந்து மாதிரி ஆக்கிக் கொடுத்தால் எப்படி இறங்கும்.

அந்த நேரத்தில்தான் மொட்டை மாடியிலிருந்து காய்ந்த துணிகளோடு அம்மா இறங்கி வந்தாள். துணியைக் கட்டில் ஓரத்தில் போட்டுவிட்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள், ஃப்ரிட்ஜைத் திறக்கிற சத்தம் கேட்டது. "மேல இருந்த ட்ரே எங்க சாமி?" "நான் எடுத்தனம்மா, அப்பாவுக்கு அரைக்கறதுக்கு." பிறகு அம்மாவின் குரல் சின்னதாக வந்தது. "அது உனக்கோசரம் வெச்சது." "எனக்கா?" "ஒரு இளநி மிச்சமிருந்துச்சு. வெட்டி அதுல ஊத்தி வெச்சேன். நீதான் அப்பன் பாக்கறாருன்னு வீட்டுக்குள்ள ஒரு டம்ளர் தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்கற. ஆபீசுக்குப் போறப்ப பாட்டில்ல ரெண்டு போட்டுக் குடுத்தா வயிறு குளுந்துருக்குமேன்னு." நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு டம்ளரை, பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிற முதுகை. "குடிச்சுப்போட்டாரா" என்று கேட்டுக்கொண்டே ஃப்ரிட்ஜ் கதவில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்தாள். அவள் தலைக்கு மேலே நான் ஒட்டின பட்டியல், இளநீருக்குக் கீழே சிவப்புக் கோடு. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அப்பா பஸ் போர்டு படிப்பார், அதற்கு மேல் இல்லை. இரண்டு பேர் வீட்டில் இத்தனை கொட்டை எழுத்தில் யாருக்காக எழுதி ஒட்டினேன்.

பழத்தை எல்லாம் சந்தேகப்பட்டேன், தண்ணீரின் அளவைச் சந்தேகப்பட்டேன், தண்ணீர் தண்ணீர்தானா என்று ஏன் பார்க்கவில்லை. கட்டி கொஞ்சம் பால் நிறமாக இருந்தது. பார்த்தேன். பழைய ஃப்ரிட்ஜ், அப்படித்தான் உறையும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது. டம்ளரைத் தராசில் வைத்தேன், டம்ளர் போக நூற்று நாற்பத்தெட்டு. நூற்றுத் தொண்ணூறில் போனால் நாற்பத்திரண்டு கிராம் உள்ளே போயிருக்கிறது. இளநீரில் நூறு மில்லிக்குப் பொட்டாசியம் இருநூற்று ஐம்பது என்றால் தொண்ணூறுக்கு இருநூற்று இருபத்தைந்து, அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், ஐம்பது மில்லிகிராம். ஒரு நாளைக்கு இரண்டாயிரம்வரை போகலாம். ஐம்பது சின்ன எண். சின்ன எண்தானா. இன்றைக்கு வெள்ளியோ புதனோ என்றால் சின்ன எண், ஞாயிற்றுக்கிழமை அவருடைய ரத்தத்தில் ஏற்கெனவே எவ்வளவு நிற்கிறது என்று எந்தத் தராசு காட்டும். விளிம்புவரை நிறைந்த குடத்துக்கு ஐம்பது என்ன, ஐந்து போதாதா. சொல்லாமல் விட்டுவிடலாம். மூன்று ஸ்பூன்தானே, காலையில் ஏழு மணிக்கு மெஷின் எல்லாவற்றையும் இழுத்துவிடும், அம்மாவும் நானும் மட்டும் அறிந்ததாகப் போய்விடும். அப்படி நினைத்த அதே நேரத்தில் விரல் ஜெரோம் அண்ணனின் எண்ணை அழுத்திவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, அவர் சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டுத் தூங்குவார், திட்டுவார், திட்டட்டும். ஏழாவது ரிங்கில் எடுத்தார். நான் தேதி, நேரம், கிராம் என்று கம்பெனி ஈமெயில் மாதிரி சொன்னேன். "எத்தன ஸ்பூன்?" "மூணுங்கண்ணா. நாப்பத்திரண்டு கிராம்." "கிராமெல்லாம் வேண்டாம், மூணா?" "மூணு." "மூணு ஸ்பூனுக்கு ஒண்ணும் ஆகாது பாப்பா. மிச்சத்தக் குடுக்காத. ராத்திரிக்கு வெறும் சோறு, காய் வேண்டாம். நெஞ்சு படபடன்னாலோ கை கால் துவண்டாலோ என்னையக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காத, நேரா கேஷுவாலிட்டிக்கு வந்துரு. அப்பப்ப உன் கையைப் புடிக்கச் சொல்லு. புடி தளந்தா கெளம்பிரு." "ஒண்ணும் ஆகாதுன்னா நிச்சயமா ஆகாதுங்களாண்ணா?" "நான் டாக்டர் இல்ல பாப்பா" என்றார், "நீயும் இல்ல. போய் அவரு பக்கத்துல உக்காரு."

கட்டிலில் உட்கார்ந்தேன். சொன்னேன். இழுக்காமல் வரிசையாகச் சொன்னேன், ஐஸ் அம்மா எனக்காக வைத்தது, கேட்காமல் எடுத்தது நான், கட்டி வெள்ளையாக இருந்ததைப் பார்த்தும் விட்டது நான், ஜெரோம் அண்ணனைக் கூப்பிட்டாயிற்று, அவர் சொன்னது இன்னின்னது. முதுகு அசையவில்லை. "அப்பா?" என்றேன். மெல்லப் புரண்டு என் பக்கம் திரும்பினார். "எனக்குத் தெரியும்" என்றார். "என்னங்கப்பா தெரியும்?" "இளநின்னு. மொத ஸ்பூன்லயே." அம்மா சமையல்கட்டு வாசலில் எழுந்து நின்றாள். "நாக்குச் செத்தா கெடக்குது எனக்கு? ஏழு மாசமா வெறும் தண்ணிய எண்ணி எண்ணிக் குடிக்கறவனுக்கு இளநி தெரியாமப் போகுமா." "தெரிஞ்சும் ஏங்கப்பா மறுபடி எடுத்தீங்க?" அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டு யோசித்தார், கோர்ட்டில் நிற்கிறவர் மாதிரி. "ஒண்ணு தெரியாமத் தின்னது. ரெண்டாவது, அதுதானான்னு பாக்கறதுக்கு." ஃபேனிலிருந்து கண்ணை இறக்கினார். "மூணாவதுதான் ஆசை." "அதான் அள்ளுனீங்களா" என்றாள் அம்மா, அழுகையும் அதட்டலுமாக, "ஆசைக்கு ஒரு அளவில்ல இந்த மனுசனுக்கு." "அளவிருக்கப்போயித்தான மூணோட நிறுத்தினேன்" என்றார் அப்பா. முப்பது வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர், நூறு சட்டையின் அளவைத் தாளில் எழுதாமல் துணியில் கத்தரி வைத்தவர். பட்டியலை ஒட்டின அன்றைக்கு ஒரே ஒரு தடவை நான் அதை உரக்கப் படித்துக் காட்டினேன், கேட்கிறாரா என்றுகூடப் பார்க்கவில்லை. "இருவத்தொண்ணும் தெரியும் கண்ணு. சொல்லியிருந்தா நீ உன்ற அம்மாளத் திட்டுவ. அதுக்குத்தான் பேசாம நவுத்தி வெச்சேன்."

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆறுதல் வந்த வழியிலேயே வேறொன்றும் வந்தது. இந்த ஏழு மாதத்தில் இப்படி எத்தனை ஸ்பூன், அவர் தெரிந்து எங்களுக்குச் சொல்லாதது. என் நோட்டில் இல்லாதது. கேட்கலாமா. கேட்டால் சொல்லிவிடுவார், அந்தப் பயம்தான். ஜெரோம் அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்து, "கையப் புடிங்கப்பா" என்று வலது கையை நீட்டினேன். பிடித்தார். பிடி இருந்தது. மணி மூன்று ஐம்பது. நான்கு இருபதுக்கு மறுபடி நீட்டினேன், பிடித்தார். அம்மா துணி மடித்துக்கொண்டே எங்கள் கைகளைப் பார்த்தபடி இருந்தாள், ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தாள். அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன், கழுத்தில் நரம்பு துடிப்பதைப் பார்த்தேன், எப்போதும் இப்படித்தான் துடிக்குமா, நான் இதற்கு முன்னால் பார்த்ததே இல்லையே, எதோடு ஒப்பிடுவது. ஐந்து மணிக்குப் பிடி கொஞ்சம் தளர்ந்த மாதிரி பட்டது. என் உள்ளங்கைதான் வியர்த்து வழுக்கியதோ. பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினேன். "எத்தன தடவ கண்ணு" என்றார். "இன்னொரு தடவங்கப்பா. நல்லா." அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, என் விரல்கள் நான்கையும் சேர்த்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார், கத்தரி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள், கட்டைவிரல் என் எலும்பின்மேல் அழுந்தியது. இது உண்மையான பலமா, எனக்குக் காட்டுவதற்காக இருக்கிறதை எல்லாம் திரட்டிக் கொடுக்கிறாரா, எனக்குத் தெரியவில்லை, இதற்குத் தராசு கிடையாது. "இப்ப தளந்திருக்குதா?" என்று கேட்டார். "வலிக்குதுங்கப்பா" என்றேன். அது உண்மை. அவர் விடவில்லை. விடச் சொல்லி நானும் கேட்கவில்லை.